புகைக்குழாயில் ஒரு மீட்டர் – நமக்குத் தேவையா?



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் கூட்டத்தில் சில மாதங்களுக்கு முன்பு உள்கடன் கேட்டு ஒரு மனு வந்தது. கேட்டவர் மல்லிகை போட்டிருக்கும் ஒரு சகோதரி. கருக்கலில் பூப்பறித்து, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு மகன் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த பைக்கும் குழுக் கடனில் வாங்கிய பழைய வண்டிதான்.

“இப்ப எதுக்கு மதினி கடன்?” என்று ஊக்குநர் கேட்டார்.

“பையன் கேக்கான். பைக்கு சைலன்ஸர்ல ஏதோ மீட்டர் மாட்டணுமாம். காத்து எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவுன்னு அது காட்டுமாம். மாட்டுனா மைலேஜ் கூடும்னு சொல்லுதான். ஆகுற செலவு பல ஆயிரம் வருது.”

கூட்டத்தில் சிரிப்பு. “சைலன்ஸர்ல மீட்டரா? கேக்கவே புதுசா இருக்கு!” என்றார் ஒருவர். “பையன் ஏமாத்துதான்” என்றார் இன்னொருவர். உண்மை என்னவென்றால், பையன் ஏமாற்றவில்லை. அப்படி ஒரு மீட்டர் இருக்கிறது. ஆனால் அது மைலேஜைக் கூட்டும் கருவியா, யாருக்கு அது தேவை, அந்தக் கடனைக் கொடுக்கலாமா? இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம் என்று தீர்மான நோட்டில் எழுதி வைத்தார்கள். அப்படி விசாரித்ததில் தெரியவந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்கிறோம். இன்று நம்மில் பல பேர் வீட்டில் மொபட்டோ பைக்கோ இருக்கிறது. அதனால் இது எல்லோருக்கும் உரிய செய்தி.

அடுப்பும் என்ஜினும் ஒன்றுதான்

விறகடுப்பு எரிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விறகை அடைத்து வைத்தால் புகை மண்டும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் தீ பிடித்து எரியும். கேஸ் அடுப்பில் காற்று போகும் துவாரம் அடைத்துக்கொண்டால், நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடிக்கும். கேஸும் சீக்கிரம் தீரும்.

வண்டி என்ஜினும் ஓர் அடுப்புதான். அதற்குள் பெட்ரோல் மட்டும் போனால் எரியாது. காற்றும் சேர்ந்து போக வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு என்ன கிலோ என்று கேட்பீர்கள். நம் குடக் கணக்கில் சொல்வோம். 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். 15 லிட்டர் குடம் என்றால் 600 குடம் காற்று! இவ்வளவையும் உங்கள் வண்டி அந்தச் சின்ன ஏர் பில்டர் வழியாகத்தான் உறிஞ்சுகிறது.

இந்தக் காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போனால் மெக்கானிக் “ரிச்சா ஓடுது” என்பார். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் “லீனா ஓடுது” என்பார். இரண்டுமே கெடுதல்தான்.

ரிச்சாக ஓடினால்: பெட்ரோல் பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே போகும். கரும்புகை வரும். பிளக் கரி பிடிக்கும். மைலேஜ் விழும். நஞ்சுப் புகையும் கூடும்.

லீனாக ஓடினால்: இழுவை இருக்காது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் திணறும். என்ஜின் அதிகமாகச் சூடேறும். ரொம்ப நாள் அப்படியே ஓட்டினால் பிஸ்டன், வால்வு போன்றவை கெட்டுப்போகலாம்.

14.7 என்பது சரிநடு. ஆனால் எப்போதும் அதிலேயே நிற்க வேண்டும் என்றில்லை. மேடு ஏறும்போது, முழுச் சுமையோடு போகும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அப்போது 13-ஐ ஒட்டி இருக்கும். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது 14.7-ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கலாம். எண் குறைந்தால் பெட்ரோல் கூடுதல், எண் கூடினால் காற்று கூடுதல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

அடுப்பில் விறகு சரியாக எரிகிறதா என்று நாம் புகையைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? இந்த மீட்டரும் அதையேதான் செய்கிறது. என்ஜினிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு சென்சாரைப் பொருத்துகிறார்கள். அதன் பெயர் ஆக்சிஜன் சென்சார். லாம்டா சென்சார் என்றும் சொல்வார்கள். பார்க்க ஒரு ஸ்பார்க் பிளக் மாதிரியே இருக்கும். எரிந்துபோன புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது மோப்பம் பிடிக்கிறது. மிச்சம் இருந்தால் காற்று கூடுதல். மிச்சமே இல்லை என்றால் பெட்ரோல் கூடுதல். அந்தச் செய்தி ஒயர் வழியாக வந்து ஹேண்டில்பாரில் உள்ள சின்ன வட்ட மீட்டரில் எண்ணாகத் தெரியும்.

இது நேற்று வந்த பொருள் அல்ல. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1976-ஆம் ஆண்டிலேயே இந்தச் சென்சாரைத் தயாரித்தது. வால்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் இந்தச் சென்சார் கெட்டுப்போகும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருந்துதான் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபோது, பைக், ஸ்கூட்டர், மொபட் வரை பெரும்பாலும் கார்புரேட்டர் போய் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அந்த வண்டிகளில் இந்தச் சென்சார் கம்பெனியிலேயே பொருத்தித்தான் வருகிறது. சென்சார் சொல்வதைக் கேட்டு வண்டியில் உள்ள சின்னக் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே, 2020-க்குப் பிறகு வந்த இன்ஜெக்டர் வண்டி வைத்திருக்கும் சகோதரிகள் இந்த மீட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உங்கள் வண்டியில் அது ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. மீட்டர் போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வண்டி ஓடும்போது அணையாமல் எரிந்தால் மட்டும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். விளக்கு எரிவதைப் பார்த்தும் பாராமல் ஓட்டக்கூடாது.

நம் சகோதரியின் பைக் கார்புரேட்டர் வண்டி. அதனால்தான் பையனுக்கு இந்த யோசனை வந்தது.

எப்படிப் பொருத்துகிறார்கள்?

இது வீட்டில் ஸ்பேனரை வைத்துச் செய்கிற வேலை இல்லை. நல்ல மெக்கானிக்கும் வெல்டிங் கடையும் வேண்டும். வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. அதனால் சொல்கிறோம்.

1. முதலில் புகைக்குழாயை வண்டியில் இருந்து கழற்ற வேண்டும். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிக்கக்கூடாது. பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. வண்டியின் மின்சாதனங்களும் கெட்டுப்போகும்.

2. என்ஜினுக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் உள்ள குழாயில் ஒரு துளை போட்டு, 18 மில்லிமீட்டர் மரை உள்ள இரும்பு நட் ஒன்றைச் சுற்றிலும் கசிவு இல்லாமல் வெல்டிங் செய்ய வேண்டும். என்ஜின் வாயை ஒட்டி வைத்தால் சூட்டில் சென்சார் கெடும். குழாயின் கடைசியில் வைத்தால் வெளிக்காற்று உள்ளே திரும்பி வந்து தப்பான எண் காட்டும்.

3. சென்சாரின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அதாவது குழாயின் மேல்பக்கமாகவோ, சற்றுச் சரிவாகவோ பொருத்த வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகையோடு நீரும் வரும் அல்லவா? குழாயின் அடிப்பக்கத்தில் சென்சாரை வைத்தால் அந்த நீர் தேங்கி, சூடாக இருக்கும் சென்சார் விரிசல் விட்டுவிடும்.

4. குழாயை மாட்டும்போது என்ஜின் வாயில் உள்ள கேஸ்கட்டைப் புதிதாகப் போட வேண்டும். அங்கே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், நன்றாக ஓடுகிற வண்டியையும் “லீன்” என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் இருந்ததும் போச்சு.

5. ஒயர்களைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் இருந்து, ப்யூஸ் வைத்து எடுக்க வேண்டும். சூடான குழாயில் ஒயர் உரசக்கூடாது. சென்சாருக்குள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. சென்சார் நல்ல சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்கு 12 வோல்ட் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். சில பழைய மொபட்டுகளில் பேட்டரியே கிடையாது. அவற்றில் இந்த வேலை சரிவராது.

6. சென்சாரைக் குழாயில் மாட்டிவிட்டு, மீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் வண்டி ஓட்டக்கூடாது. சூடேறாத சென்சாரில் கரி படிந்து சீக்கிரம் வீணாகிவிடும்.

இதிலும் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த வகை, கூடுதலா குறைவா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. விலை கூடிய வகைதான் 12, 13, 14 என்று சரியான எண்ணைக் காட்டும். கடையில் “எல்லாம் ஒண்ணுதான் தம்பி” என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் புகை படிந்து சென்சார் விரைவில் கெடும். சில பைக்குகளில் புகையைச் சுத்தம் செய்வதற்காகக் கம்பெனியே புகைக்குழாய்க்குள் கொஞ்சம் காற்றை அனுப்பும் வால்வு வைத்திருக்கிறது. அந்த வண்டியிலும் மீட்டர் தப்பாகவே காட்டும். இதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மீட்டர் என்பது தராசு மாதிரி. தராசு எடையைக் காட்டும், எடையைக் கூட்டாது. மீட்டரை மாட்டியதால் மட்டும் ஒரு கிலோமீட்டர் மைலேஜ்கூடக் கூடாது. அது காட்டுவதைப் பார்த்துக் கார்புரேட்டரைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருந்தால்தான் பலன்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு மீட்டர் இருக்கிறது!

அந்த மெக்கானிக் தம்பியிடம் நம் சகோதரி போய்க் கேட்டபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“அக்கா, வண்டிக்குப் புகை டெஸ்ட் எடுத்த சீட்டு இருக்கா?”

“அது போலீஸ்காரங்களுக்குக் காட்டத்தான தம்பி?”

“அதுலதான்க்கா எல்லாம் இருக்கு.”

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழைத்தான் அவர் சொன்னார். பி.யு.சி. என்பார்கள். புகை பரிசோதனை நிலையத்தில் சைலன்ஸருக்குள் ஒரு குழாயை விட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில். இன்னொன்று ஹைட்ரோ கார்பன். அதாவது எரியாமல் வெளியே போன பெட்ரோல்.

2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான ஃபோர்-ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிக்குப் பழைய விதிப்படி கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்கும், ஹைட்ரோ கார்பன் 4,500-க்கும் மேல் போகக்கூடாது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 4.5 சதவீதம், 9,000 வரை. பி.எஸ்.6 வண்டிகளுக்கு வரம்பு இன்னும் கடுமையானது.

இந்தச் சீட்டைப் படிப்பது சுலபம்:

கார்பன் மோனாக்சைடு கூடுதலாக இருந்தால் வண்டி ரிச்சாக ஓடுகிறது என்று அர்த்தம். 3.5, 4 என்று வந்தால் காற்று-பெட்ரோல் எண் சுமார் 13-ல் நிற்கிறது என்று கொள்ளலாம்.

கார்பன் மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோ கார்பன் மட்டும் ரொம்பக் கூடுதல் என்றால் பிளக் சரியாக அடிக்கவில்லை, அல்லது கலவை மிகவும் லீனாகி எரியாமல் தவறுகிறது என்று அர்த்தம்.

பரிசோதனைக்கு முன் வண்டியைக் கொஞ்சத் தூரம் ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக் கொண்டுபோங்கள். சோக் போட்டபடி போகாதீர்கள். சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைக்காமல் எண்ணைப் படித்துப் பாருங்கள். அதை மெக்கானிக்கிடம் காட்டி, “இந்த நம்பரைக் குறைச்சுக் குடுங்க” என்று கேளுங்கள். சர்வீஸ் முடிந்தபின் மறுபடி ஒருமுறை பரிசோதித்தால் வேலை சரியாக நடந்ததா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். வண்டி நிற்கும்போது மட்டும்தான் இந்தப் பரிசோதனை நடக்கிறது. சாலையில் சுமையோடு ஓடும்போது கலவை எப்படி இருக்கிறது என்பது அந்த மீட்டரில்தான் தெரியும். ஆனாலும் வீட்டு உபயோகத்துக்கு ஓட்டும் நமக்கு இந்தச் சீட்டும், பிளக்கின் நிறமும் போதும்.

வண்டி பதிவு செய்து ஓராண்டு ஆன பிறகு இந்தச் சான்றிதழ் கட்டாயம். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு 12 மாதம் செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதம்தான் செல்லும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி மாசு விதியை மீறினால் ரூ.10,000 வரை அபராதம் உண்டு. 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சின்னக் கட்டணத்துக்குப் பயந்து இதை விட்டுவிடக்கூடாது.

சகோதரியின் வண்டியில் என்ன கோளாறு?

புகை பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டி இருந்தது. மெக்கானிக் திறந்து பார்த்தார். ஏர் பில்டர் முழுக்கப் பஞ்சும் தூசியும். நம் பகுதியில் விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சு பறக்கும். கரிசல் காட்டு வண்டிப்பாதையில் போனால் புழுதி சொல்ல வேண்டாம். 600 குடம் காற்று போக வேண்டிய வழியைப் பஞ்சு அடைத்துக்கொண்டால் வண்டி என்ன செய்யும்? சோக் கம்பியும் பாதியில் சிக்கி, முழுதாகத் திரும்பாமல் இருந்தது. பிளக்கில் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

பில்டர் மாற்றி, சோக் கம்பியைச் சரிசெய்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, மிக்சர் ஸ்க்ரூவைத் திருத்தினார். மறுபரிசோதனையில் எண் வரம்புக்கு நன்றாகக் கீழே வந்துவிட்டது. மீட்டர் மாட்டாமலே வேலை முடிந்தது. செலவும் மீட்டர் விலையோடு பார்த்தால் சொற்பம்.

இதில் காசு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டினால் 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குச் சுமார் 19 லிட்டர் போதும். அதே வண்டி 40 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால் 26 லிட்டர் வேண்டும். மாதம் 7 லிட்டர் புகையாகப் போகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 700 ரூபாய், வருடத்துக்கு 8,400 ரூபாய். நம்முடைய மாதச் சந்தா எவ்வளவு என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

காசை விடப் பெரிய விஷயம்

இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு உண்மைக் காரணம் இதுதான்.

அந்தச் சகோதரிக்குப் பல மாதங்களாகக் காலையில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். “மல்லிப்பூ வாசம் ஒத்துக்கலை போல. ராத்திரித் தூக்கமும் இல்லை” என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, மாத்திரை போட்டு வந்தார். பேசிப் பார்த்ததில்தான் தெரிந்தது. திருட்டுக்குப் பயந்து பைக்கை இரவில் முன் அறைக்குள் நிறுத்துவார்கள். மழை, பனிக் காலத்தில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகாது என்று, அறைக்குள்ளேயே சோக் போட்டு, கதவை ஒருக்களித்துவிட்டு, சூடேறட்டும் என்று ஓடவிடுவான் மகன். அதே அறையில் உட்கார்ந்துதான் அம்மா பூவை எண்ணிக் கட்டிக்கொண்டிருப்பார்.

ரிச்சாக ஓடும் வண்டியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் கூடுதலான பலத்தோடு இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. கூடினால் மயக்கம். அதையும் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிப் பெண்களுக்கும் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கூடுதல் ஆபத்து.

பில்டரை மாற்றியதோடு, பைக்கை வெளியே தள்ளிக் கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தையும் ஆரம்பித்தார்கள். காலைத் தலைவலி விட்டுவிட்டது என்று அந்தச் சகோதரி சொல்கிறார். “நான் பூவைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தயவுசெய்து இதை மறக்காதீர்கள். வீட்டுக்குள், மூடிய அறையில், சாய்ப்பில் எந்த வண்டியையும் ஓடவிடக்கூடாது. பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கிறது என்றாலும் கூடாது. யாருக்காவது அப்படி மயக்கம் வந்தால் உடனே திறந்தவெளிக்குத் தூக்கி வந்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை

• ஏர் பில்டரைச் சர்வீஸின்போது கண்ணால் பார்த்துக் கேளுங்கள். தறித்தெரு, கரிசல் காடு, செங்கல் சூளைப் பக்கம் ஓட்டுபவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

• பிளக்கைக் கழற்றினால் அதன் மூக்கைப் பாருங்கள். காபிப்பொடி நிறம் என்றால் நல்லது. காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். வெளுத்துப்போயிருந்தால் காற்று கூடுதல் அல்லது அதிகச் சூடு. எண்ணெய்ப் பசை என்றால் ஆயில் எரிகிறது.

• புகையின் நிறம்: கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் மட்டும் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவி வெறும் நீராவிதான், பயம் வேண்டாம்.

• சோக்கை வண்டி சூடானதும் மறக்காமல் திருப்பிவிடுங்கள்.

• ஆயில் கலக்கும் வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவு மட்டும் கலக்குங்கள். “கையளவா ஊத்து” என்பது கூடாது.

• ஒரு சின்ன நோட்டில் பெட்ரோல் போட்ட நாள், லிட்டர், கிலோமீட்டர் எழுதி வாருங்கள. குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது பெரிய வேலையா? மைலேஜ் விழுந்தால் அந்த நோட்டுதான் முதலில் சொல்லும்.

• இப்போது பங்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் வண்டி முன்பை விடச் சற்று லீனாக ஓடும். மைலேஜும் கொஞ்சம் குறையும். வண்டி திணறினால் மெக்கானிக்கிடம் இதையும் சொல்லிச் சரிசெய்யுங்கள்.

• அழகுக்காகச் சைலன்ஸரை மாற்றுவது, ஓட்டை போடுவது, ஏர் பில்டரைக் கழற்றி வீசுவது எல்லாம் வேண்டாம். கலவை கெடும், சத்தம் கூடும், அபராதம் வரும். புது வண்டி என்றால் வாரண்டியும் போகும்.

கடன் கொடுத்தார்களா?

அடுத்த கூட்டத்தில் மறுபடி விவாதித்தார்கள். மகனையும் அழைத்துப் பேசச் சொன்னார்கள். பையன் மீட்டரைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ஒரே ஒரு வண்டிக்கு, அதுவும் பூ கொண்டுபோகும் வண்டிக்கு, அது தேவையில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான். வண்டியைச் சரிசெய்த செலவுக்கு மட்டும் சிறுகடன் கொடுத்தார்கள். மிச்சமாகும் பெட்ரோல் காசிலேயே தவணை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் பிரதிநிதி.

ஆனால் பையனின் ஆசையை அவர்கள் தட்டிவிடவில்லை. “பெத்தம்மா, நான் மெக்கானிக் வேலை படிச்சுட்டு ஒர்க் ஷாப் வச்சா?” என்று அவன் கூட்டத்தில் மூத்த உறுப்பினரைக் கேட்டான். “அப்ப வா. ஒரு வண்டிக்கு மாட்டுனா அது அலங்காரம். நூறு வண்டியைச் சரிபார்க்க வச்சா அது தொழில் கருவி. தொழிலுக்குன்னா கடன் உண்டு” என்றார் அவர். தையல் மெஷினுக்கும் கறவை மாட்டுக்கும் நாம் கேட்கும் அதே கேள்விதான் இதற்கும். இந்தப் பொருள் வருமானம் தருமா, வீட்டுச் செலவைக் குறைக்குமா, அல்லது ஆசைக்கு மட்டுமா?

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். நாடே அதைப் பேசியது. இன்று நம் பெண்கள் மொபட்டும் பைக்கும் ஓட்டுகிறார்கள். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அது எதைக் குடிக்கிறது, எதை வெளியே விடுகிறது என்றும் தெரிந்துகொள்வோம்.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க:

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் வண்டி இருக்கிறது? எத்தனை வண்டிக்குப் புகைச் சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்கிறது?

2. யார் வீட்டில் வண்டியை உள்ளே வைத்து ஸ்டார்ட் செய்கிறார்கள்? அதை இன்றே நிறுத்த முடியுமா?

3. ஒரு மாதம் பெட்ரோல் கணக்கு எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர யார் யார் தயார்?

படிக்கத் தெரிந்தவர்கள் இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நாளைக் காலையில் வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நம் வேலை அதிலிருந்து தொடங்கட்டும்.